உஸ்ஸென்று மூச்சுவிட்ட கார்

மகளைக் கட்டிக்கொடுத்து, மீசை பாதி நரைத்த பிறகு, நடுரோட்டில் பெண்களைப் பார்த்து உஸ்ஸென்று கூப்பிட்டான் என்ற பழி ஒரு மனிதனுக்கு வரவே கூடாது. டிரைவர் சோலைராஜுக்கு அது வந்தது. பெண்கள் இருக்கும் பக்கம் கண்ணை ஓட்டக்கூட யோசிக்கிற ஆள் அவர். சத்தம் போட்டது அவர் அல்ல, அவர் ஓட்டிய கார். இதை ஊரில் யாருக்குச் சொல்லிப் புரியவைப்பது?

தேவதானத்துக்காரர். படிப்பு ஏறவில்லை, லாரி ஏறிவிட்டார். பஞ்சுப்பொதி ஏற்றும் லாரியில் கிளீனராகத் தொடங்கி, ஸ்டியரிங்கைப் பிடித்து, பிறகு வாடகை அம்பாசிடர், கடைசியாக ராஜபாளையத்தில் ஒரு மில் முதலாளி வீட்டு டிரைவர். அந்தக் காலத்து வண்டிகளில் பிரேக் ஒரே மிதியில் பிடிக்காது. படபடவென்று மூணு நாலு தடவை மிதித்து ஏற்றினால்தான் பிடிக்கும். சோலைராஜின் வலது காலுக்கு அது மூச்சுவிடுவதைப் போலப் பழகிப்போயிருந்தது. புதுக் கார்களுக்கு அது தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்தக் கால் கேட்டிருக்காது. இத்தனை வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்பதுதான் அவருடைய சொத்து. அதை அவர் அடிக்கடி சொல்வார். கேட்டுக் கேட்டு அவர் மனைவி பாண்டிசெல்விக்கே சலித்துவிட்டது.

முதலாளியின் மகனை வீட்டில் எல்லோரும் சின்னவர் என்பார்கள். கார்ப் பைத்தியம். பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி, கோயம்புத்தூரில் யாரிடமோ கொடுத்து சூப்பர்சார்ஜர் மாட்டிக்கொண்டு வந்தார். எஞ்சின் சுற்றும்போது ஒரு பெல்ட் வழியாகக் கூடவே சுற்றி, எஞ்சினுக்குள் காற்றை அடித்துத் திணிக்கும் சாமான் அது. ஆக்சிலேட்டரை மிதித்தால் கார் ஆளை சீட்டோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு பாயும். காலை எடுத்தால் முன்பக்கத்திலிருந்து உஸ்ஸ் என்று ஒரு சத்தம் வரும்.

"அது என்னய்யா, பாம்பு சீறுத மாதிரி?" என்று முதல் நாள் சோலைராஜ் பதறிப்போய்க் கேட்டார்.

"பயப்படாதீங்கண்ணே. நீங்க கால எடுத்ததும் எஞ்சினுக்குப் போற காத்துக்கதவு மூடிக்கிடும்ல? அடிச்ச காத்து எங்க போவும்? ஒரு வால்வு தொறந்து வெளிய விட்டுரும். கார் மூச்சு விடுதுன்னு வச்சுக்கோங்க" என்றார் சின்னவர்.

அதற்குப் பிறகு சின்னவர் வியாபாரம் பார்க்கிறேன் என்று வெளிநாடு போய்விட்டார். போகும்போது சொன்ன ஒரே வார்த்தை இது: "காரச் சும்மா போட்டுறாதீங்கண்ணே. வாரத்துல ரெண்டு மூணு தடவ கிருஷ்ணன்கோவில் வரைக்கும் நல்லா வெரட்டி ஓட்டிட்டு வாங்க."

இந்த உத்தரவு சோலைராஜுக்குக் கசக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் அவசரத்துக்கும் அடுத்தவர் நிதானத்துக்கும் வண்டி ஓட்டிய மனுசனுக்கு, தனியாக, தன் இஷ்டத்துக்குப் பறக்கக் கிடைத்தது. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பினால் மலை ஒரு பக்கம் கூடவே வரும். லாரிகளை ஒவ்வொன்றாக முந்திவிட்டு, காலை எடுத்து, அந்த உஸ்ஸைக் கேட்டுத் தனக்குள் சிரித்துக்கொள்வார்.

சிக்கல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும் வழியில் ஒரு நூற்பாலை வாசலில் இருந்தது. அங்கே வேகத்தடை உண்டு. வேகத்தடைக்கு முன்னால் காலை எடுக்க வேண்டும். எடுத்தால் உஸ்ஸ். அதே இடத்தில்தான் ஷிஃப்ட் முடிந்த பெண்கள் பஸ்ஸுக்கு நிற்பார்கள். ஒரு நாள் சத்தம் கேட்டுத் திரும்பினார்கள். மறு தடவை முறைத்தார்கள். மூன்றாம் தடவை, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தலையில் பஞ்சுத் தூசியோடு, ரோட்டுக்கு நடுவில் வந்து காரை மறித்தாள். பானட்டில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். வெள்ளத்தாய் என்று அவள் பேர் அவருக்குப் பிறகுதான் தெரியும்.

"ஏலே, தலைநரைச்ச வயசுல பொம்பளையளப் பாத்து உஸ்ஸு உஸ்ஸுங்கியே, ஒன் வீட்டுல பொம்பளப் புள்ளையே கெடையாதா?"

"தாயீ, நான் இல்ல தாயீ. காருதான்..." சோலைராஜ் பானட்டைக் கை காட்டினார்.

"ஏட்டி யோகேஸ்வரி, கேட்டியா? காரு கூப்புட்டுச்சாம்! காரு மேல பழியப் போடுதான் பாரு!"

நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடியைவிட மோசம். சோலைராஜ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தப்பித்தால் போதும் என்று கிளம்பினார். முதல் கியரிலேயே அவர் ஆக்சிலேட்டரை மிதித்துக் காலை எடுக்க, அந்தப் பாழாய்ப்போன கார் மறுபடியும் உஸ்ஸென்றது. பின்னாலிருந்து ஒரு செருப்பு வந்து டிக்கியில் விழுந்தது.

சேதி அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடும் அளவுக்குத்தான் இந்த இரண்டு ஊருக்கும் இடையில் தூரம். பாண்டிசெல்வியின் சித்தி மகள் அதே மில்லில் வேலை பார்க்கிறாள்.

"ஒரு கெழவன் செவப்புக் காருல வந்து கூப்புடுதானாம், மில்லு முழுக்க இதே பேச்சாம். அது நீங்கன்னு தெரிஞ்சதும் எனக்கு நாக்கப் புடுங்கிக்கிடலாம் போல இருந்துச்சு. மருமவன் காதுல விழுந்தா என்ன நெனப்பாரு?"

"கிறுக்கி, அது வால்வுடி. காத்து வருது."

"காத்தோ மழையோ. அந்தச் சத்தம் நிக்கணும். இல்ல, நீங்க அந்த வீட்டு வேலைய விட்டு நிக்கணும்."

அப்படித்தான் அவர் சாம்சனிடம் போனார். தென்காசி ரோட்டில் மெக்கானிக் ஷெட் போட்டிருக்கும் சாம்சன் அவருக்குப் பழைய கூட்டாளி. இந்தச் சத்தத்தை வைத்துத்தான் சாம்சனுக்கு அப்போது பிழைப்பே ஓடிக்கொண்டிருந்தது. டீசல் கார் வைத்திருக்கும் இளவட்டங்கள் வரிசைகட்டி வந்து, எங்களுக்கும் அந்த உஸ்ஸை மாட்டிவிடுங்கள் என்று நிற்பார்கள். டீசல் எஞ்சினில் அந்த வால்வுக்கு வேலையே கிடையாது. காலை எடுத்தாலும் காற்றை அடைக்கிற கதவு அதில் இல்லை. சாம்சன் சத்தம் மட்டும் வருகிற மாதிரி ஒன்றை மாட்டிக்கொடுப்பான். அப்படி மாட்டி மாட்டி, உலகத்தில் அந்த வால்வு இருப்பதே பந்தாவுக்குத்தான் என்று அவன் மனசார நம்பிவிட்டான். ஏமாற்றும் எண்ணம் அவனிடம் கிடையாது.

"இத எடுத்துட்டா எஞ்சினுக்கு ஒண்ணும் ஆவாதேலே?" என்று சோலைராஜ் கேட்கத்தான் செய்தார்.

"நீங்க ஒண்ணுண்ணே. எம்புட்டு வண்டி பாத்துருக்கேன். இதெல்லாம் ஷோவுக்கு. இது இல்லாம எத்தனை லாரி ஓடுது? செத்த நேரம் உக்காருங்க, ஒரு தகடு வெட்டி அடைச்சி விடுதேன். பொறவு காரு ஊமையாயிரும்."

தகட்டை வெட்டி, வால்வு இருந்த வாயை மூடி, போல்ட்டை முடுக்கினான். சோலைராஜ் ஓட்டிப் பார்த்தார். உஸ் போய்விட்டது. அதற்குப் பதிலாகக் காலை எடுக்கும்போதெல்லாம் உள்ளே எங்கோ, மூடிய அறைக்குள் மாட்டிக்கொண்ட புறா மாதிரி, படபடவென்று ஏதோ அடித்துக்கொண்டது. வெளியே கேட்காத சத்தம். வெளியே கேட்கவில்லை என்றால் மானம் போகாது, அது போதும் என்று விட்டுவிட்டார்.

சில வாரம் நன்றாகத்தான் போயிற்று. மில் வாசலில் பெண்கள் அவரைக் கவனிப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஒரு தடவை வெள்ளத்தாய் காரைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவளிடம், "வாய மூடிட்டான் பாத்தியா" என்று சொன்னது அவர் காதில் விழுந்தது. கோபம் வரவில்லை. பெரிய கடனை அடைத்த மாதிரி இருந்தது.

பிறகு அந்த மத்தியானம். மில்லுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பஞ்சு லாரி ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. முழுசாக மிதித்து முந்தினார். முந்தி முடித்ததும் காலை எடுத்தார். டொப்பென்று ஒரு வெடி. அடைபட்ட காற்று போக வழியில்லாமல் ரப்பர்க் குழாயைப் பிய்த்துக்கொண்டு வெளியேறியிருந்தது. அந்த நொடியில் எஞ்சின் நின்றது. எஞ்சினின் உதவி போனதும் ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. வண்டி மட்டும் அதே வேகத்தில், எஞ்சின் இரைச்சல்கூட இல்லாமல், வேகத்தடையை நோக்கி உருண்டது.

வலது கால் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. ஒரு மிதி, விட்டது. இன்னொரு மிதி, விட்டது. எஞ்சின் நின்ற காரில் பிரேக்குக்கு மிச்சமிருந்த பலம் அந்த மிதிகளில் தீர்ந்துபோயிற்று. அடுத்து மிதித்தபோது பாறையை மிதித்த மாதிரி இருந்தது. ரெண்டு கையும் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. ஹாரன் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரவில்லை. பெண்கள் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மில் கேட்டைப் பார்த்து நின்று, ஒருத்தி மடியிலிருந்த வேர்க்கடலையை எல்லோரும் எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். ஓரத்தில் நின்றது வெள்ளத்தாய்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவள் உயிர் போய்விட்டது.

கூட்டம் சோலைராஜை இழுத்துப்போட்டு அடித்தது. அவர் கையை உயர்த்தித் தடுக்கவில்லை. யோகேஸ்வரி மட்டும் அடிக்க வரவில்லை. வெள்ளத்தாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் முடியில் இருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். இனி எடுத்து என்ன, எடுக்காமல் என்ன.

கவனக்குறைவாக ஓட்டி மரணம் விளைவித்தார் என்று வழக்கு. ஜாமீனில் வந்தார். லைசென்சை வாங்கி வைத்துக்கொண்டார்கள். காரைச் சோதிக்க அதிகாரி வந்தபோது, கழன்ற குழாயை மாட்டி கிளிப்பை முடுக்கிக் கொடுக்கச் சாம்சனைத்தான் கூப்பிட்டார்கள். மாட்டியதும் எஞ்சின் சமர்த்தாக ஓடியது. பிரேக் சுருக்கென்று பிடித்தது. வால்வு இருந்த இடத்தில் தகடு இருக்கிறதே என்று அதிகாரி கேட்டதற்கு, அது தேவையே இல்லாத சாமான் சார் என்றான் சாம்சன். வண்டியில் கோளாறு ஏதும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார் அதிகாரி. வண்டியில் கோளாறு இல்லையென்றால் கோளாறு மனுசனிடம் என்றுதானே அர்த்தம்.

வேலை போயிற்று. சின்னவர் ஒரு தடவை போனில் வருத்தப்பட்டார். பிறகு சோலைராஜ் கூப்பிட்டால் எடுப்பதே இல்லை. ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்ற பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. சோலைராஜ் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தார். அவர் மனசில் இருந்தது ஒரே கேள்விதான். அவளைக் கொன்றது நானா, காரா? ஜெயிலுக்குப் போவதும் போகாததும் அதற்கு அடுத்தபடி.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் அவருக்கு வாதாடிய சத்யப்பிரியா இளம் வக்கீல், சுறுசுறுப்பு. அவருக்கும் அதே கேள்விக்குத்தான் பதில் வேண்டியிருந்தது.

"சூப்பர்சார்ஜர் மாட்டின எஞ்சினுக்கு அந்த வால்வு வேணுமா வேண்டாமா? வேணும்னு விவரம் தெரிஞ்ச ஒருத்தர் கோர்ட்ல வந்து சொன்னா நீங்க வெளிய வந்துரலாம். தகடு அடிச்சவர் உள்ள போவாரு. ஆமா, அதை அடைக்கச் சொன்னது யாரு?"

சோலைராஜ் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "அவனாத்தான் அடைச்சான்" என்றார்.

அவர் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் அது. சொன்ன கையோடு ஒரு நிம்மதியும் வந்தது, அதுதான் கொடுமை.

கிருஷ்ணன்கோவிலில் குடியிருந்த, கல்லூரியில் எஞ்சின் பாடம் எடுக்கும் ஒரு அம்மாவிடம் வக்கீல் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த அம்மா முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்ல முடியாது என்றார். "சில கார்ல காத்துக்கதவு சூப்பர்சார்ஜருக்கு முன்னாலயே இருக்கும். கால எடுத்தா அதுக்குள்ள போற காத்தே நின்னுரும். அதுக்கு இந்த வால்வு கட்டாயம்னு இல்ல. உங்க கார்ல கதவு அதுக்குப் பின்னால இருக்கு. மோட்டார் ஓடும்போது பைப்பு வாயப் பொத்தினா எங்கயாவது ஜாயின்ட் பிச்சுக்கும்ல? அதேதான். இந்தக் காருக்கு வால்வு கண்டிப்பா வேணும். நான் வந்து சொல்றேன்."

சோலைராஜுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது அந்த அம்மா சாதாரணமாகக் கேட்டார்: "எஞ்சின் நின்னாலும் ஒரே அழுத்தா அழுத்திப் பிடிச்சா பிரேக் ஓரளவு பிடிச்சிருக்கணுமே. விட்டு விட்டு மிதிச்சீங்களா?"

"இல்லம்மா. ஒரே மிதிதான்" என்றார். இரண்டாவது பொய்க்கு அத்தனை சிரமம் இருக்கவில்லை.

சம்மன் வரும் என்று கேள்விப்பட்டுச் சாம்சன் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றான். முகம் வற்றிப்போயிருந்தது.

"எனக்கு இது டீசலு மாதிரி இல்லன்னு தெரியாதுண்ணே. தெரியாமச் செஞ்சது தப்புதான். ஆனா நீங்கதான அந்தச் சத்தம் வேண்டாம்னு வந்திய? நானா வந்து கேட்டேன்?"

சோலைராஜ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். செத்த நேரம் நின்று பார்த்துவிட்டு அவன் போய்விட்டான். பாண்டிசெல்வி உள்ளே பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது தெரிந்தது.

விசாரணை நாளில் கோர்ட் வளாகத்து மரத்தடியில் அந்த வாத்தியாரம்மா வந்து உட்கார்ந்திருந்தார். தள்ளி இன்னொரு மரத்தடியில் சாம்சன். உள்ளே சாட்சிக் கூண்டில் யோகேஸ்வரி ஏறினாள். மில் யூனிபார்மிலேயே வந்திருந்தாள். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் சொன்னாள். பிறகு சத்யப்பிரியா எழுந்தார். குழாய் வெடித்ததைச் சாட்சி வாயாலேயே வாங்கிவிட வேண்டும் என்பது அவர் திட்டம்.

"கார் மோதறதுக்கு முன்னால வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கேட்டும் நீங்க யாரும் திரும்பிப் பாக்கலையா?"

யோகேஸ்வரி அந்தக் கேள்வியே விளங்காதவள் மாதிரி வக்கீலைப் பார்த்தாள்.

"வெடிச் சத்தத்துக்கு எதுக்கும்மா திரும்பணும்? நம்ம பக்கத்துல கல்யாணத்துக்கும் வெடி, எழவுக்கும் வெடி. பொழுதன்னைக்கும் எங்கயாவது ஒண்ணு வெடிச்சிக்கிட்டுத்தான் கெடக்கு. எவளும் திரும்ப மாட்டா." அவள் குரல் தளர்ந்தது. "அந்தக் காரு முன்னயெல்லாம் உஸ்ஸுன்னு சத்தம் குடுக்கும்மா. அது கேட்டா அம்புட்டுப் பேரும் சட்டுன்னு திரும்பிருவோம். வெள்ளத்தாய்தான் மொதல்ல திரும்புவா, வையுததுக்கு. அன்னைக்கும் உஸ்ஸுன்னிருந்தா திரும்பியிருப்பா. வைஞ்சிக்கிட்டே வெலகியிருப்பா. இப்பம் உசுரோட இருப்பா."

கோர்ட்டில் பின்வரிசையில் இருந்த மில் பெண்களிடமிருந்து அழுகையும் பேச்சும் கிளம்பின. வாசலில் நின்று ஆட்களைக் கூப்பிடும் டவாலி அவர்களை அடக்க, உதட்டில் விரலை வைத்து, உஸ்ஸ் என்றார்.

அத்தனை தலையும் திரும்பியது. கூண்டில் நின்ற யோகேஸ்வரி திரும்பினாள். எதிர்க்கூண்டில் நின்ற சோலைராஜும் திரும்பினார். திரும்பிய தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

யோகேஸ்வரி இறங்கினாள். மற்ற நடைமுறைகள் முடிந்ததும், உங்கள் தரப்பில் சாட்சி யாரும் உண்டா என்று நீதிபதி சோலைராஜைக் கேட்டார். இருக்கு என்று சொல்ல சத்யப்பிரியா வாயைத் திறந்தார். அதற்குள் சோலைராஜ் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசிவிட்டார்.

"இல்லங்கய்யா. வெளிய ஒரு அம்மா உக்காந்துருக்காவ. அவிய படிச்சவிய, சரியாத்தான் சொல்லுவாவ. ஆனா நான் அவிய கிட்டயே ஒரே மிதின்னு பொய் சொல்லியிருக்கேன். விட்டு விட்டுத்தான் மிதிச்சேன். சாம்சனும் அவனா அடைக்கலங்கய்யா. சத்தத்த அடைக்கச் சொன்னது நான்தான்."

வக்கீல் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். நீதிபதி, "வண்டியில கோளாறு இருந்துச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

சோலைராஜ் பின்வரிசையைப் பார்த்தார். அன்றைக்கு மில் வாசலில் சிரித்த முகங்கள்தான் அத்தனையும். ஒரு முகம் மட்டும் இல்லை.

"காரு மேல பழி போட மாட்டேங்கய்யா" என்றார்.